முன்னால போன ஆள்: மட்டக்களப்பிலிருந்து கணினித் தொழிலுக்கு ஒரு பாதை

கரடியனாற்றில் ஒரு பிள்ளை கம்பசுக்கு எடுபட்டால் ஊருக்கே தெரியவரும். கோயிலில் அர்ச்சனை, பாடசாலை வாசலில் பதாகை, சொந்தக்காரரின் போன் என்று ரெண்டு மூன்று நாள் கலகலப்பாகப் போகும். நாலு வருசம் கழித்து அதே பிள்ளை பட்டத்தோட வந்து நிற்கும்போது "இனி என்ன மனே செய்யப் போறாய்?" என்ற கேள்விக்கு வீட்டிலும் பதில் இருக்காது, பிள்ளையிடமும் இருக்காது. ஆசிரியர் நியமனம், பட்டதாரிப் பயிலுநர், கச்சேரியில் ஒரு மேசை. தெரிந்த வழிகள் இவ்வளவுதான். இதுக்கு அங்கால மென்பொருள், தரவு, வலையமைப்பு என்று ஒரு உலகம் இருக்கு. போனில் தினமும் பார்க்கிறம். ஆனால் அதுக்குள்ள எந்த வாசலால போறது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

2017ஆம் ஆண்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை எங்களில் பல பேர் பார்த்திருக்கிறம். அவர்கள் கேட்டது அரச நியமனம். அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது. படிப்பித்த அரசுதான் வேலையும் தரவேணும் என்று நம்பித்தான் அவர்கள் படித்தார்கள். அதே காலத்தில் கொழும்பில் மென்பொருள் கம்பனிகள் ஆள் தேடிக்கொண்டு இருந்தன. ரெண்டும் ஒரே நாட்டில், ஒரே வருசத்தில் நடந்தது. இடையில் இருந்த தூரம் 300 கிலோமீற்றர் சொச்சம். அது உதயதேவி ரயிலில் ஒரு பகல் பயணம். ஆனால் உண்மையான தூரம் அதைவிடப் பெரிசு. அந்தத் தூரம் எப்படி உண்டானது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறம்.

படுவான்கரையில் ஒரு ஊர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. கரடியனாறு படுவான்கரையில், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் இருக்கு. வயலும் குளமும் மாடும் உள்ள பூமி. விவசாயத் திணைக்களத்தின் பயிற்சி நிலையமும் பண்ணையும் இங்கதான் இருக்கு. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையோ செங்கலடிக்குப் பக்கத்து ஊர். கரடியனாற்றிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பல்கலைக்கழக வாசலில் இறங்கலாம். பல்கலைக்கழகம் கிட்டத்தான். அதுக்குப் பிறகு இருக்கிற பாதைதான் தூரம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுவம். 'மென்ரரிங்' என்று இண்டைக்கு நாங்கள் சொல்லுற விசயம் மட்டக்களப்புக்குப் புதிசு இல்லை. வயலில் விதைக்கிறதும் தண்ணி மாறுறதும் யாரும் புத்தகம் பார்த்துப் படித்தது கிடையாது. போடியாரோட நின்ற முல்லைக்காரன் பார்த்துப் படித்தான், அவனோட நின்ற பொடியன் அவனைப் பார்த்துப் படித்தான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் கூத்து. வடமோடியோ தென்மோடியோ, ஊரில் ஒரு கூத்துப் போடுறது என்றால் அண்ணாவியார் முதலில் ஆளைப் பார்ப்பார்: குரல், உயரம், ஆட்டம். பிறகு சட்டம் கொடுப்பார். அவரவர் பாத்திரத்தின் பாட்டு எழுதின பகுதியை அவரவர் கையில் கொடுக்கிறதுதான் சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். கால் பிடிபட்ட பிறகு சதங்கை அணிவார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல்: கூத்து முழுவதையும் ஒரு தரம் ஆடிப் பார்க்கிறது. கடைசியில்தான் அரங்கேற்றம். அரங்கேற்றத்தண்டும் அண்ணாவியார் வீட்டில் படுத்திருக்க மாட்டார். களரியிலேயே மத்தளத்தோட நிற்பார். பாட்டு மறந்து போனால் எடுத்துக்கொடுக்க ஏடு பார்க்கிற ஆளும் பக்கத்தில் நிற்பார்.

இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கவனியுங்கோ. ஆளுக்கேற்ற பாத்திரம், கையில் ஒரு பிரதி, நீண்ட பழக்கம், சின்னதாக ஒரு பொதுச்சோதனை, முழு ஒத்திகை, பிறகுதான் மேடை. மேடையிலும் துணை. ஒரு இளம் பொறியியலாளரை உருவாக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் எந்தக் கம்பனியிடமும் இல்லை. அண்ணாவியார் ஆக வந்தவர் எல்லாரும் ஒரு காலத்தில் ஆடினவர்கள் என்பதும் முக்கியம். ஆடினவன் பழக்குவான், பழகினவன் நாளைக்கு அண்ணாவியார் ஆவான். சங்கிலி அறுபடாத வரைக்கும் கூத்து இருக்கும்.

கணினித் தொழிலில் எங்கட பகுதிக்கு அந்தச் சங்கிலி உருவாகாமல் போனது ஏன் என்று பார்க்க, ரெண்டு வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேணும்.

விஞ்ஞானம் தமிழில் வந்த வழி

அதுக்கு முன்னால் ஒரு மனிதர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சுவாமி விபுலாநந்தர். யாழ் நூல் எழுதினவர், தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் எங்களுக்குப் படிப்பிக்கப்பட்டது. ஆனால் அவர் அடிப்படையில் விஞ்ஞானப் பட்டதாரி. கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னுக்கு நின்றவர். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினவரும் அவர்தான்.

விஞ்ஞானம் படித்தவர் தமிழுக்குச் சொல் தேடினார், சொல் தேடினவர் பள்ளிக்கூடம் கட்டினார். அவர் கலைச்சொல்லோட மல்லுக்கட்டின அதே பிரச்சினை இண்டைக்கு உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கும் இருக்கு. பள்ளிக்கூடத்தில் 'மாறி', 'தரவுத்தளம்', 'பாய்ச்சற்கோட்டுப் படம்' என்று தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் முதல் நாளே அதே விசயங்களை ஆங்கிலத்தில் கேட்கிறது. பிள்ளைக்கு விசயம் தெரியும், பெயர்தான் தெரியாது. வகுப்பில் கை உயர்த்தக் கூச்சம். அந்தக் கூச்சம் நாலு வருசம் இழுபட்டு, கடைசியில் நேர்முகத் தேர்வில் வந்து நிற்கும். இதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து "இது நீ படித்த அதுதான், இஞ்ச இதுக்குப் பெயர் இது" என்று சொல்ல ஒரு அக்காவோ அண்ணாவோ இருந்தால் ஒரு மாதத்தில் தீருகிற பிரச்சினை இது.

ஒரே நாட்டின் ரெண்டு காலக்கோடுகள்

இப்ப ரெண்டு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பம்.

இலங்கைக்குக் கணினி 1960களின் கடைசியில் கொழும்பில் வந்துவிட்டது. 1985இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலுக்கென்று ஒரு துறை தொடங்கினது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணினிக் கல்வியைக் கட்டியெழுப்பினார். 1987இல் அங்கே கணினித் தொழில்நுட்ப நிறுவகம் வந்தது. 1990 அளவில் பல்கலைக்கழகங்களை மின்னஞ்சலால் இணைக்கிற 'லேர்ன்' வலையமைப்பின் வேலை மொறட்டுவையை மையமாகக் கொண்டு நடந்தது. 1995இல் பொதுமக்களுக்கு இணையம். 1999இல் மாலபேயை இண்டைக்கு மையமாகக் கொண்ட எஸ்.எல்.ஐ.ஐ.ரி. 2000இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.ரி. பட்டம். 2001இல் மொறட்டுவையில் தகவல் தொழில்நுட்ப பீடம். 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சட்டமும் அதன் வழியாக வந்த முகவர் நிலையமும்.

இனி இந்தப் பக்கம். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினது. இருந்தது விஞ்ஞானமும் விவசாயமும். 1986 ஒக்ரோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. கொழும்பில் கணினிக் கல்வி காலூன்றின அதே வருசங்கள்தான். அப்படியே போயிருந்தால் ரெண்டு கோடும் ஒரு இடத்தில் சந்தித்திருக்கும்.

1990 வந்தது. ஜூனில் போர் திரும்பத் தொடங்கினது. வந்தாறுமூலை வளாகம் அகதி முகாம் ஆனது. ஆயிரக்கணக்கான சனம் விரிவுரை மண்டபத்திலும் மரத்தடியிலும் தங்கியிருந்தது. செப்ரெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமில் இருந்து 158 பேரைப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு இடையில் முதல் மின்னஞ்சல்கள் ஓடத் தொடங்கின காலத்தில் எங்கட பல்கலைக்கழகம் இருந்த நிலை இது.

பிறகு வந்த வருசங்களில் பல்கலைக்கழகம் திறந்தது, நடந்தது, நின்றது, திரும்ப நடந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடிக் கறுப்புப் பாலத்தைத் தாண்டுகிறது எல்லை தாண்டுகிற மாதிரி. 2004இல் கிழக்கில் பிளவும் சண்டையும், அந்த வருசம் முடியுறதுக்குள்ள சுனாமி. 2006 டிசம்பர் 15ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். அவர் இண்டைக்கும் வரவில்லை. 2007இன் முதல் மாதங்களில் படுவான்கரையிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சனம் இடம்பெயர்ந்து வாவி கடந்து வந்தது. கரடியனாற்றுச் சனமும் அதுக்குள்ள அடக்கம். 2010 செப்ரெம்பரில், போர் முடிந்து வீதி போட வந்த காலத்திலும், கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இந்த ரெண்டு பட்டியலையும் ஒன்றாகப் படித்தால்தான் விளங்கும். கொழும்பில் 1985இல் கணினி படிக்கத் தொடங்கின ஒருவர் 2000இல் ஒரு கம்பனியின் மூத்த பொறியியலாளர். அவரிடம் வேலை பழகினவர் 2010இல் முகாமையாளர். அவர் தன்ர பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்றாம் வருசப் பிள்ளைகளோட கதைக்கிறார், தன்ர கம்பனிக்கு இன்ரேன்ஷிப்புக்கு எடுக்கிறார். மூன்று தலைமுறை அங்க உருவாகிவிட்டது. எங்கட பகுதியில் அந்த மூன்று தலைமுறைக்குரிய காலம் அகதி முகாமிலும் காவலரணிலும் போனது. மாவட்டக் கோட்டாவால் மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போன மட்டக்களப்புப் பிள்ளைகள் இருந்தார்கள்தான். அவர்களிலும் பலர் அங்கிருந்து அப்படியே வெளிநாடு போனார்கள். திரும்பி வர ஊரில் என்ன இருந்தது? அவர்களில் யாரையும் குறை சொல்ல ஏலாது.

ஆக, இண்டைக்கு எங்கட பிள்ளைக்கு இல்லாதது மூளையோ லப்டொப்போ மட்டும் என்று நினைக்கக் கூடாது. முன்னால போன ஆள் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

மொறட்டுவை என்ன செய்தது?

சங்கிலி இருந்தால் என்ன நடக்கும் என்பதுக்கு ஒரு உதாரணம் எங்கட நாட்டிலேயே இருக்கு. 2005இல் கூகிள் நிறுவனம் 'சமர் ஒஃப் கோட்' என்று ஒரு திட்டம் தொடங்கினது. உலகத்தில் எங்க இருக்கிற மாணவரும் ஒரு திறந்த மூல மென்பொருள் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். "நான் இதைச் செய்து தருவன்" என்று ஒரு முன்மொழிவு எழுதவேணும். எடுபட்டால் ஒரு வழிகாட்டி கிடைப்பார். சில மாதம் அவரோட சேர்ந்து நிரல் எழுதவேணும். இடையில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒரு மதிப்பீடு. தேறினால் உதவித்தொகை.

இந்தத் திட்டத்தின் முதல் 10 வருடத்தைக் கூட்டிப் பார்த்தால், உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பின பல்கலைக்கழகம் அமெரிக்காவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. மொறட்டுவைதான். சின்ன நாடு, ஒரே ஒரு பல்கலைக்கழகம். எப்படி?

2003இல் கலாநிதி சஞ்சீவ வீரவர்ண முதலானோர் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி, இலங்கைப் பொறியியலாளர்களை அப்பாச்சி போன்ற உலகத் திறந்த மூலத் திட்டங்களுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஆக, 2005இல் கூகிள் கதவைத் திறந்தபோது உள்ளுக்குப் போகத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஒரு வருசம் நாலைந்து பேர் போனால், அடுத்த வருசம் அவர்கள் தங்கட ஜூனியர்களுக்கு "முன்மொழிவை இப்படி எழுது, முதல்ல ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்பு, அவங்கட மின்னஞ்சல் குழுவில் பயப்படாமல் கேள்வி கேள்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். மாணவராகப் போனவர் பிறகு வழிகாட்டியாகத் திரும்பி வருவார். அண்ணாவியார் முறைதான், வேறொன்றும் இல்லை.

இதில் எங்களோட தொடர்புள்ள ஒரு துண்டும் இருக்கு. 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் அழிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், கொழும்பில் இருந்த மென்பொருள் தொண்டர்கள் சில நாட்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்களைப் பதிய, முகாம்களை நிர்வகிக்க, நிவாரணத்தை ஒருங்கிணைக்க. அது பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதும் அதுக்குக் கிடைத்தது. சுனாமியில் அடிபட்டவர்களில் நாங்கள் ஒரு பெரிய பங்கு. அதுக்கு மென்பொருள் எழுதின கூட்டத்தில் எங்கட பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிற சூழல் அப்ப இல்லை. இனியொரு வெள்ளம் வரும், புயல் வரும். அப்ப நிரல் எழுதுகிற பக்கத்திலும் எங்கட ஆட்கள் இருக்கவேணும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு முயற்சி

"அது மொறட்டுவை, கொழும்புக்குக் கிட்ட. எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லுறவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டலாம். அங்கயும் அதே போர், அதே இடப்பெயர்வு. போர் முடிந்து சில வருசத்துக்குள், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்து ஐ.ரி. ஆட்கள் சிலர் 'யாழ் ஐ.ரி. ஹப்' என்று ஒன்றுகூடினார்கள். வடக்கை இன்னொரு சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்குவம் என்று சொன்னார்கள். கேட்டவர்களில் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 2012இல் 'யாழ் கீக் சலஞ்ச்' என்ற போட்டியைத் தொடங்கினார்கள். பெயர் போட்டி, உள்ளடக்கம் வழிகாட்டல். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு மென்பொருள் எண்ணத்தோட வருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் தொழிலில் இருக்கிற ஆட்கள் அந்தக் குழுக்களோட இருந்து திருத்துவார்கள். வென்ற குழுவைவிட, தோற்ற குழுவுக்கும் ஒரு பொறியியலாளரின் போன் நம்பர் கையில் இருந்தது என்பதுதான் பெரிய விசயம். பிறகு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அந்தப் போட்டி விரிந்தது. பல்கலைக்கழகம் போகாத இளைஞர்களுக்காக 'ஊக்கி' என்ற பயிற்சிப் பள்ளியும் வந்தது.

கிழக்கிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல ஏலாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கு. மட்டக்களப்பில் 'ட்ரீம்ஸ்பேஸ் அகாடமி' போன்ற இடங்களில் பிள்ளைகள் கையால் செய்து பழகுறார்கள். ஆனால் இவை வாவியின் எழுவான்கரைப் பக்கத்திலும் நகரத்துக்குக் கிட்டவும்தான் கூடுதலாகத் தெரியுது. கரடியனாறு, பன்குடாவெளி, உறுகாமம் பக்கத்துப் பிள்ளைக்கு அது எட்டுதா என்ற கேள்வி மிச்சம்.

எது வழிகாட்டல், எது இல்லை

எங்கட பகுதியில் 'தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு' என்றால் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மங்கல விளக்கு, மாலை, வரவேற்புரை, பிரதம அதிதி உரை, புரொஜெக்ரரில் வெற்றிபெற்ற மனிதர்களின் படங்கள், ரோல்ஸ், குறூப் போட்டோ. பின்னேரம் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது மனதில் ஒரு உற்சாகம் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. மறுநாள் யாரைக் கேட்கிறது என்று தெரியாது. சட்டம் கொடுக்காமல், பழக்காமல், நேரே அரங்கேற்றத்துக்கு மாலை போடுற மாதிரி.

கூத்து ஒழுங்கை அளவுகோலாக வைத்தால் எது வழிகாட்டல் என்று சொல்லலாம்.

முதலாவது, ஆளைப் பார்க்கிறது. ஐ.ரி. என்றால் எல்லாரும் நிரல் எழுதவேணும் என்று இல்லை. சோதிக்கிறது, வடிவமைக்கிறது, தரவு ஆராய்கிறது, வலையமைப்பைப் பராமரிக்கிறது, வாடிக்கையாளரோட கதைத்துத் தேவையை எழுதுறது என்று பல பாத்திரம் இருக்கு. முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைக்கும் புள்ளிவிபரவியல் படிக்கிற பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கு. அது அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது, கையில் ஒரு பிரதி. "நல்லாப் படி" என்பது பிரதி இல்லை. "இந்த மூன்று மாதத்துக்கு இந்த ஒரு மொழி, இந்த ஒரு சின்னத் திட்டம், ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்குக் காட்டு" என்பதுதான் பிரதி.

மூன்றாவது, பழக்கம். பிள்ளை எழுதின நிரலை ஒரு மூத்தவர் வரி வரியாகப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்கவேணும். இது யூரியூப்பில் கிடைக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்ப நிரலை எழுதித் தருது. அதனாலேயே எழுதினது சரியா பிழையா என்று பார்க்கத் தெரிந்த கண் இன்னும் பெறுமதி ஆகிவிட்டது. அந்தக் கண் ஒருவரோட இருந்து பழகித்தான் வரும்.

நாலாவது, சதங்கை. பிள்ளையின் வேலை நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்கவேணும். திறந்த மூலத் திட்டங்கள் இதுக்கு நல்ல களரி. கூகிளின் அந்தத் திட்டம் 2022இலிருந்து மாணவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், 18 வயதுக்கு மேற்பட்ட புதியவர்களுக்கும் திறந்திருக்கு. தமிழிலும் களரி இருக்கு: 2003இல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் தொடங்கின நூலகம் எண்ணிம நூலகம். ரெண்டையும் வளர்த்தெடுத்ததில் ஈழத்துத் தன்னார்வலர்களின் பங்கு பெரிசு. அங்க ஒரு சின்ன வேலை செய்த பிள்ளைக்கு, நேர்முகத் தேர்வில் காட்ட ஒன்று இருக்கும்.

ஐந்தாவது, அடுக்கு. போலி நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில், கமராவுக்கு முன்னால், பிழை விடப் பயமில்லாத ஒரு ஆளோட, ஒரு தரம் இல்லை, ஐந்தாறு தரம்.

கடைசியாக, களரியிலும் கூட நிற்கிறது. முதல் வேலைக்குக் கொழும்புக்குப் போற பொம்பிளைப் பிள்ளைக்கு எங்க தங்குறது என்பது, எந்தக் கம்பனி என்பதைவிட முதல் கேள்வி. தகப்பனுக்கும் தாய்க்கும் அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஊரால் ஒரு அக்கா இருந்தால், அவளால் போக முடியும். இல்லாவிட்டால் நியமனக் கடிதம் அலுமாரிக்குள் இருக்கும், பிள்ளை ரியூசன் வகுப்பில் இருக்கும். முதல் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கிறதுக்கும் ஆள் வேணும். மொழி, தனிமை, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போறது, "எனக்கு இது சரிவராது போல" என்று இரவில் வாற யோசனை. அந்த நேரத்தில் எடுக்கிற ஒரு போன்தான் சில பேரின் தொழிலைக் காப்பாற்றும்.

2020க்குப் பிறகு வீட்டில் இருந்து வேலை செய்கிறது ஒரு வழியாக வந்திருக்கு. படுவான்கரைக்கு இது நல்ல செய்திதான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறக்க ஏலாது. அந்த நெருக்கடியோட ஐ.ரி. ஆட்கள் பெருமளவில் வெளிநாடு போனார்கள். அப்பிடிப் போன ஒவ்வொரு மூத்தவரும் ஒரு வழிகாட்டியின் இடம். தூரத்தில் இருந்தாலும் அந்த இடத்தை அவர்கள் நிரப்பலாம். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வட்ஸ்அப் கோல் போதும்.

இனி நாங்கள்

பெரிய திட்டம், பெரிய கட்டடம் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். தொழிலில் இருக்கிற மட்டக்களப்பார், கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, ஒருவர் ஒரு பிள்ளையை ஒரு வருசத்துக்கு எடுக்கட்டும். பத்துப் பேருக்கு உரை நிகழ்த்துவதைவிட ஒரு பிள்ளையின் நிரலைப் பார்ப்பது கடினம், ஆனால் அதுதான் வேலை செய்யும். எடுக்கிறபோது ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கோ: "உனக்கு வேலை கிடைத்த அடுத்த வருசம் நீ ஒரு பிள்ளையை எடுக்கவேணும், முடிந்தால் வாவிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து."

வந்தாறுமூலையிலும் திருகோணமலையிலும் இப்ப ரெண்டாம் வருசம் படிக்கிற தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒரு விசயம். கேட்கக் கூச்சப்படாதீங்கோ. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கோ. "அண்ணா, எனக்கு ஐ.ரி.யில் வேலை எடுத்துத் தாங்கோ" என்றால் யாராலும் பதில் சொல்ல ஏலாது. "அண்ணா, நான் இதைச் செய்தன், இந்த இடத்தில் நிற்கிறன், அடுத்தது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்லாதவர் குறைவு. தெரிந்த ஆள் இல்லாவிட்டால், ஒரே வகுப்பில் நாலு பேர் சேர்ந்து ஒருவர் வேலையை ஒருவர் பாருங்கோ. மொறட்டுவையிலும் தொடக்கத்தில் இருந்தது அவ்வளவுதான்.

1990இல் வந்தாறுமூலை வளாகத்தில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்கள் இண்டைக்கும் நீதி கேட்கின்றன. அந்தக் கேள்வியை வேலைவாய்ப்பால் மூட ஏலாது, மூடவும் கூடாது. ஆனால் அதே வளாகத்தில் இண்டைக்குப் படிக்கிற பிள்ளைகள் யாருடைய துணையும் இல்லாமல் தனிய நிற்கிறதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். அந்தத் தொடர்ச்சியை நிறுத்துறது எங்கட கையில் இருக்கிற வேலை. ஒரு ஊரில் இருந்து முதல் ஆள் போறது கஷ்டம். இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் லேசு. பத்தாவது ஆள் போகும்போது அது ஊர் வழக்கம் ஆகிவிடும்.